ரோன் கரையா, துலூஸ் சமவெளியா: தென் பிரான்சின் வரலாற்றையும் உணவையும் நாடும் குழுவுக்கு ஓர் ஒப்பீடு

வரலாற்றையும் உணவையும் முன்னிறுத்தித் தென் பிரான்சுக்குக் குழுவாகச் செல்ல விரும்புவோரிடம் பயண நிறுவனங்கள் காட்டும் திட்டங்களைப் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடக்கிவிடலாம். ரோன் ஆற்றின் கீழ்ப்பகுதியில் அவிஞோன், ஆர்ல், நீம் ஆகிய நகரங்களைச் சுற்றி அமையும் தரைவழிப் பயணம் ஒன்று. ஏறத்தாழ அதே நகரங்களை லியோனிலிருந்து ஆற்றுக் கப்பலில் இறங்கி வந்து பார்ப்பது இன்னொன்று. மேற்கே துலூஸில் தங்கி கார்காசோன், அல்பி, கஸ்தெல்நோதாரி ஆகிய ஊர்களுக்குச் சென்று வருவது மூன்றாவது. தோர்தோஞ் பள்ளத்தாக்கை இவற்றில் ஒன்றோடு இணைத்து விற்பவர்களும் உண்டு. விளம்பரத் தாளில் கோட்டை, சந்தை, திராட்சைத் தோட்டம், ஒரு சமையல் வகுப்பு என்று எல்லாமே ஒன்றுபோலத் தோன்றும். நேரில் இவை ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை. எத்தனை ஊர்கள் காட்டப்படுகின்றன என்ற கணக்கை விட்டுவிட்டு, அந்த மண்ணின் வரலாறு சாப்பாட்டு மேசை வரை தொடர்ந்து வருகிறதா, குழுவிலுள்ள அனைவராலும் அந்த மேசையில் நிறைவாக உண்ண முடியுமா என்ற இரண்டு கேள்விகளைக் கொண்டே இவற்றை இங்கு ஒப்பிடுகிறேன்.

கீழ் ரோன் பகுதியின் முதல் பலம் அதன் பழமை. கி.மு. 600 அளவில் ஆசியா மைனரின் ஃபோசேயா நகரிலிருந்து வந்த கிரேக்கர்கள் மார்சேயை நிறுவினார்கள். ஆலிவும் திராட்சையும் இந்தக் கரையில் வேரூன்றியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்களுக்குப் பின் வந்த ரோமானியர்கள் விட்டுச்சென்றவற்றில் பல இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன. ஆர்லில் ஏறக்குறைய 20,000 பேர் அமரக்கூடிய வட்டரங்கம் கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. நீமில் உள்ள மேசோன் காரே என்ற கோயில் 2023-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இரண்டு நகரங்களுக்கும் இடையே 30 கிலோமீட்டர் தொலைவுதான். நீமுக்குக் குடிநீர் கொண்டுவந்த சுமார் 50 கிலோமீட்டர் நீளக் கால்வாயை கார் ஆற்றின் மீது தாங்கிச்செல்ல மூன்று அடுக்காகக் கட்டப்பட்ட போன் து கார் பாலம், ஏறத்தாழ 49 மீட்டர் உயரம் கொண்டது. அந்தக் கால்வாயின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான மொத்த உயர வேறுபாடு 13 மீட்டர்கூட இல்லை என்பதை ஒரு நல்ல வழிகாட்டி பாலத்தின் அடியில் நின்று விளக்கும்போது, ரோமானியப் பொறியாளர்களின் அளவைத் திறன் மனத்தில் பதிகிறது. ஆர்லின் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் ரோன் ஆற்றின் சேற்றிலிருந்து மீட்கப்பட்ட, 31 மீட்டர் நீளமுள்ள ரோமானியச் சரக்குப் படகு வைக்கப்பட்டிருக்கிறது. எண்ணெயும் மதுவும் மீன் சாறும் எப்படிப் பயணம் செய்தன என்பதை அதைப்போல் வேறெதுவும் காட்டாது. திட்டத்தில் அந்த அருங்காட்சியகம் இடம்பெறவில்லையென்றால் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

இப்பகுதியில் வரலாறும் உணவும் மிக நெருங்கிக் கலக்கும் இடம் ஆர்லுக்குத் தெற்கே உள்ள காமார்க் கழிமுகம். அங்குள்ள எக்-மோர்த் மதில் நகரைத் துறைமுகமாகக் கட்டியவர் ஒன்பதாம் லூயி மன்னர். 1248-இலும் 1270-இலும் அவருடைய சிலுவைப் போர்க் கப்பல்கள் இங்கிருந்துதான் புறப்பட்டன. பிற்காலத்தில் இதே ஊரின் கோன்ஸ்தான்ஸ் கோபுரத்தில் புராட்டஸ்டன்ட் பெண்கள் சிறை வைக்கப்பட்டார்கள். அவர்களுள் ஒருவரான மாரி துரான் 1730 முதல் 1768 வரை, 38 ஆண்டுகள், மதம் மாற மறுத்து அங்கேயே இருந்தார். கோபுரத்தின் மேல் ஏறினால் தெரியும் உப்பளங்கள்தான் நீம் நகரத்துக்குப் பெயர் வாங்கித் தந்த பிராந்தாத் என்ற உணவுக்கும் காரணம் என்று சொல்வார்கள்: அட்லாண்டிக் மீனவர்கள் உப்பு வாங்க வந்தபோது அதற்கு ஈடாகக் காட் மீன் கருவாட்டைக் கொடுத்தார்கள், அதை ஊறவைத்து ஆலிவ் எண்ணெய் விட்டு மசிப்பதுதான் பிராந்தாத். கடல் அருகிலேயே இருக்க, எங்கோ வட அட்லாண்டிக்கில் பிடித்த மீன் ஒரு தென்னகரின் அடையாளமானதற்கு உப்பு வணிகமே விடை.

காமார்க்கின் நெல் வயல்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பல குழுக்கள் அவற்றைப் பேருந்துச் சன்னல் வழியே பார்த்துக் கடந்துவிடுகின்றன. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது பிரான்சு தன் காலனியான இந்தோசீனாவிலிருந்து ஏறக்குறைய 20,000 பேரைத் தொழிலாளர்களாகக் கொண்டுவந்தது; அவர்களில் பலர் கட்டாயத்தின் பேரில் வந்தவர்கள். போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டின்போது காமார்க்கில் நெல் சாகுபடியை நிலைநிறுத்தியவர்களில் அந்த வியட்நாமியர்களும் இருந்தார்கள். அவர்களது உழைப்பு நெடுங்காலம் பேசப்படாமலே இருந்தது. 2014-இல்தான் சாலேன்-து-ஜிரோவில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. இன்று மாட்டிறைச்சிக் குழம்பான கார்தியானை இந்த அரிசிச் சோற்றோடுதான் பரிமாறுகிறார்கள். இந்தக் கதையைச் சொல்லும் வழிகாட்டி கிடைக்கும் குழுவுக்கு அந்த மதிய உணவு வேறொரு பொருள் கொண்டதாக இருக்கும்.

அவிஞோனைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1309 முதல் 1377 வரை போப்பாண்டவர்கள் இங்கே தங்கினார்கள். 1348-இல் ஆறாம் கிளமென்ட் இந்த நகரத்தையே நேப்பிள்ஸ் அரசி ஜோவன்னாவிடமிருந்து 80,000 ஃபுளோரின் பொற்காசுகள் கொடுத்து வாங்கினார். அரண்மனையின் விருந்துக் கூடமும் சமையலறைக் கோபுரமும் உணவை நாடி வரும் குழுவுக்கு உகந்தவை. அருகிலுள்ள ஷாத்தோநெஃப்-து-பாப் (போப்பின் புதிய கோட்டை) திராட்சைத் தோட்டங்களின் பெயரிலேயே போப்பாண்டவர்களின் தொடர்பு இருக்கிறது.

ஒரு தமிழ்க் குழுவில் சைவ உணவு உண்பவர்கள் ஓரிருவராவது இருப்பார்கள் என்பதால், கீழ் ரோன் பகுதிக்கும் அதை ஒட்டிய மத்தியதரைக் கடற்கரைக்கும் இங்கே தெளிவான முன்னுரிமை தர வேண்டியிருக்கிறது. ஆலிவ் எண்ணெய், பூண்டு, கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய் ஆகியவற்றின் மீது நிற்கும் சமையல் இது. இந்தக் காய்கறிகளைச் சேர்த்து வேகவைக்கும் ரத்தாத்தூய் எங்கும் கிடைக்கும். கொண்டைக்கடலை மாவைக் கரைத்துப் பெரிய தட்டில் தோசைபோல மெல்லியதாக ஊற்றி விறகடுப்பில் சுடும் சொக்கா நீஸ் நகரத்துக்குரியது. அதே மாவைக் கூழாகக் காய்ச்சி, ஆறவிட்டு, துண்டு போட்டுப் பொரிக்கும் பனீஸ் மார்சேயில் கிடைக்கிறது. எச்சரிக்கையும் தேவை. பார்வைக்குக் காய்கறியாகத் தெரியும் பலவற்றில் மீன் ஒளிந்திருக்கும்: ஆலிவ் காயை அரைத்துச் செய்யும் தப்பனாதில் நெத்திலி இனத்து மீன் சேர்ப்பது வழக்கம், நீஸ் சாலட்டிலும் அப்படியே. மரபு முறையில் செய்யப்படும் பல பிரெஞ்சுப் பாலாடைக்கட்டிகளைக் கன்றுக்குட்டி, ஆட்டுக்குட்டி ஆகியவற்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைக் கொண்டு உறையவைக்கிறார்கள். சைவத்தைக் கடுமையாகப் பின்பற்றுவோருக்கு இதை முன்கூட்டியே தெரிவித்துவிடுவது அமைப்பாளரின் கடமை.

இந்தத் திட்டத்தின் குறை, அதன் கதை துண்டுதுண்டாக இருப்பது. ரோமானியர், போப்பாண்டவர், 1888 பிப்ரவரியில் ஆர்லுக்கு வந்து பதினைந்து மாதங்கள் அங்கே தங்கி ஓவியங்களைக் குவித்த வான் கோக் என்று ஒவ்வொன்றும் தனித்தனி உலகம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரே நாளில் தாவும்போது பயணிகளுக்குப் பெயர்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. ஆர்லிலோ அவிஞோனிலோ ஒரே விடுதியில் தங்கி, ஒரு நாளுக்கு ஒரு காலம் என்று பிரித்துக்கொண்டால் இந்தக் குறை பெருமளவு தீரும். பெரும்பாலான இடங்கள் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளவை என்பதால் அது முடியாத ஏற்பாடும் அன்று.

இனி ஆற்றுக் கப்பல். பெட்டியை ஒரு முறை திறந்தால் போதும், தினமும் விடுதி மாற வேண்டியதில்லை என்பது முதியவர்கள் அதிகமுள்ள குழுவுக்கு உண்மையான நன்மை. வெண்ணெயில் சமைக்கும் லியோனிலிருந்து ஆலிவ் எண்ணெயில் சமைக்கும் ஆர்ல் வரை நிலமும் வெளிச்சமும் மாறுவதை ஆற்றிலிருந்து பார்ப்பதும், நீர்மட்டத்தைக் கதவுகளால் உயர்த்தித் தாழ்த்தும் பொலேன் நீர்ப்பூட்டில் கப்பல் ஏறத்தாழ 23 மீட்டர் கீழே இறங்குவதும் தரைவழியில் கிடைக்காத அனுபவங்கள். ஆனால் உணவை நோக்கமாகக் கொண்ட குழுவுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று வேளையும் கப்பலின் சமையலறையிலேயே உண்பதற்குத்தான் பணம் கட்டப்படுகிறது. நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் பரிமாறப்படும் உணவு எவ்வளவு தரமாக இருந்தாலும், அது எந்த ஊரின் உணவும் ஆகாது. காலையில் சந்தையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து உண்ணாமல் மதியத்துக்குக் கப்பலுக்குத் திரும்பும் திட்டத்தில் சந்தை ஒரு காட்சிப் பொருளாகிவிடுகிறது. ஆற்றில் வெள்ளம் உயர்ந்தால் பாலங்களுக்கு அடியில் கப்பல் செல்ல இயலாமல் பேருந்துக்கு மாற்றுவதும் உண்டு. நடப்பதில் சிரமம் உள்ளவர்கள் குழுவில் பெரும்பான்மையாக இருந்தால் மட்டும் இதைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போதும் கரையில் உண்பதற்கு இரண்டு மதியங்களையாவது விடுவித்துக் கேட்க வேண்டும்.

துலூஸை மையமாகக் கொண்ட மூன்றாவது திட்டம் விளம்பரத்தில் சற்று மங்கலாகத் தெரியும். ஆனால் நான் முன்வைத்த முதல் கேள்விக்கு மிக நிறைவான விடை இங்குதான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன், ஏனெனில் இந்த நிலப்பகுதியின் வரலாறு தொடக்கமும் முடிவும் உள்ள ஒரே கதையாக விரிகிறது. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் இங்கு கத்தார்கள் என்று இன்று அழைக்கப்படும் கிறித்தவப் பிரிவினர் பரவியிருந்தார்கள். அவர்களுள் துறவு பூண்டவர்கள் இறைச்சியையும் முட்டையையும் பாலையும் விலக்கி, காய்கறியும் மீனும் மட்டுமே உண்டார்கள். அவர்களை ஒழிக்கப் போப்பாண்டவரின் அழைப்பில் 1209-இல் தொடங்கிய போர், ஜூலை 22 அன்று பெசியே நகரில் நடந்த பெரும் படுகொலையோடு ஆரம்பித்து, 1229-இல் துலூஸ் கோமகன் பாரிஸில் பணிந்து உடன்படிக்கை செய்துகொண்டதோடு முடிந்தது. துலூஸ் பல்கலைக்கழகமே அந்த உடன்படிக்கையின் விளைவாகத்தான் 1229-இல் தோன்றியது. 1244 மார்ச்சில் மோன்செகூர் மலைக்கோட்டை வீழ்ந்தபோது, நம்பிக்கையைக் கைவிட மறுத்த இருநூறுக்கும் மேற்பட்டோர் எரிக்கப்பட்டார்கள். 1282-இல் கட்டத் தொடங்கிய அல்பியின் செங்கல் பேராலயம் ஏன் கோட்டைபோல் இறுகிய சுவர்களோடு நிற்கிறது என்பது இந்த வரலாற்றைக் கேட்டபின் எவருக்கும் சொல்லாமலே விளங்கும். பெசியே, கார்காசோன், மோன்செகூர், அல்பி என்று ஒவ்வொரு நாளும் அதே கதையின் அடுத்த பகுதியாக அமைவதால், பயணிகள் மாலையில் அதைப் பற்றித் தாங்களாகவே பேசத் தொடங்குகிறார்கள்.

கார்காசோனைப் பற்றி ஒரு நேர்மையான குறிப்பு தேவை. இரட்டை மதிலும் 52 கோபுரங்களும் கொண்ட அந்தக் கோட்டை நகரம், கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக் 1853 முதல் மேற்கொண்ட புனரமைப்பின் பயனாகவே இன்றைய வடிவில் நிற்கிறது. கூம்புக் கூரைகள் இந்த மண்ணுக்கு உரியவை அல்ல என்று அவர் காலம் தொட்டே விமர்சனம் உண்டு. அதை அறிந்து பார்ப்பவருக்கு மதிப்பு குறையாது. மதிலுக்குள் நடுப்பகல் கூட்டமும் நினைவுப் பொருள் கடைகளும் மட்டுமே நினைவில் தங்கும் என்பதால், அருகிலேயே ஓர் இரவு தங்கி அதிகாலையில் மதில்களுக்கு இடையே நடக்க ஏற்பாடு செய்யும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இப்போது சாப்பாட்டுத் தட்டுக்கு வருவோம். வெள்ளை பீன்ஸ், வாத்துக் கறி, பன்றி இறைச்சி, சாசேஜ் ஆகியவற்றை மண்சட்டியில் பல மணி நேரம் வேகவைத்துச் செய்யும் கசூலே இந்தப் பகுதியின் தலையாய உணவு. 1355-இல் ஆங்கிலேய இளவரசரின் படை கஸ்தெல்நோதாரியைத் தாக்கியபோது ஊரார் மிஞ்சிய பொருள்களையெல்லாம் ஒரே சட்டியில் போட்டுச் சமைத்ததில் பிறந்தது என்று அந்த ஊரில் சொல்வார்கள். ஆனால் இன்று அதில் இடும் பீன்ஸ் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். 1355-இல் ஐரோப்பாவில் அது கிடையாது. உண்மையான கதை இந்தப் புராணத்தைவிடச் சுவையானது, நம் நாட்டையும் தொட்டுச் செல்வது. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பதினாறாம் நூற்றாண்டிலும் துலூஸுக்குத் தென்கிழக்கே உள்ள லோராகே சமவெளி, பாஸ்தெல் என்ற நீலச் சாயச் செடியால் செழித்தது. துலூஸில் 1555 அளவில் எழுந்த அசேசா மாளிகை அந்தச் சாய வணிகர் ஒருவருடையது. கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் இடையிலான மதப் போர்களும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய அவுரி நீலமும் சேர்ந்து அந்த வணிகத்தைச் சாய்த்தன. அதன்பின் அதே வயல்களில் பதினேழாம் நூற்றாண்டில் மக்காச்சோளம் பரவியது. மக்காச்சோளத்தில் கொழுத்த வாத்துகளின் கால்களை உப்பிட்டு, அவற்றின் கொழுப்பிலேயே மெதுவாக வேகவைத்துப் பாதுகாக்கும் கோன்ஃபி இப்பகுதியின் அன்றாடச் சமையலில் நிலைபெற்றது. இன்றைய கசூலே சட்டிக்குள் இந்த மாற்றங்கள் அனைத்தும் அடங்கியிருக்கின்றன. காலையில் அசேசா மாளிகை, மதியம் கஸ்தெல்நோதாரியில் கசூலே, மாலையில் கால்வாய்க் கரை என்று ஒரு நாளை அமைத்துவிட்டால், இவ்வளவு நீண்ட வரலாறு ஒரே நாளுக்குள் பிடிபடும்.

அந்தக் கால்வாயும் காண வேண்டியதே. உப்பு வரி வசூலிப்பாளராக இருந்த பியேர்-போல் ரிக்கே, மலையிலிருந்து நீரைத் திருப்பி உச்சிப்பகுதிக்குக் கொண்டுவரும் வழியைக் கண்டறிந்து, 1666 முதல் 240 கிலோமீட்டர் நீளமுள்ள மிதி கால்வாயை வெட்டினார். 1681-இல் அது திறக்கப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு அவர் இறந்துபோனார். கரையோரப் பிளேன் மரங்களில் பல்லாயிரம், 2006-இல் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் வெட்டப்பட்டுவிட்டன. பழைய படங்களில் உள்ள நிழற்சாலையை எல்லா இடத்திலும் எதிர்பார்த்துப் போகக் கூடாது.

இரண்டாவது கேள்வியில்தான் துலூஸ் திட்டம் பின்தங்குகிறது. இறைச்சியை நீக்கினால் இந்தச் சமையலின் முதுகெலும்பே போய்விடும். பெரிய பல்கலைக்கழக நகரம் என்பதால் துலூஸுக்குள் சைவ உணவகங்கள் உண்டு. சிற்றூர்களில் சைவர்களுக்குப் பெரும்பாலும் சாலட்டும் ஆம்லெட்டும்தான் கிடைக்கும். உருளைக்கிழங்கையும் பாலாடைக்கட்டியையும் இழுபடும் வரை சேர்த்துக் கிளறும் அலிகோ ஓர் ஆறுதல். பன்றி இறைச்சி உண்ணாதவர்களுக்கும் கசூலே பொருந்தாது. ஃபுவா கிரா வேண்டுமா என்பதையும் குழுவில் முன்பே பேசிவிட வேண்டும்: வாத்துக்குக் கட்டாயமாக இரை ஊட்டி ஈரலைப் பெருக்கவைக்கும் முறை பலருக்கு உடன்பாடில்லாதது, இந்தியா 2014-இல் அதன் இறக்குமதியையே தடை செய்திருக்கிறது.

தோர்தோஞ்சைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆதிமனிதர் தீட்டிய ஓவியங்களைக் கொண்ட, 1940-இல் கண்டுபிடிக்கப்பட்ட லாஸ்கோ குகை 1963 முதல் பொதுமக்களுக்கு மூடப்பட்டுள்ளது. 2016-இல் திறக்கப்பட்ட முழுமையான நகலைத்தான் காண முடியும், அதுவும் வியப்புக்குரியதே. சார்லா ஊரின் புதன், சனிச் சந்தைகள் புகழ்பெற்றவை. ஆனால் இது தனிப் பயணத்துக்குரிய இடம். துலூஸ் திட்டத்தின் இறுதியில் ஒரே நாளாக ஒட்டவைத்தால் போகவர ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் பேருந்திலேயே கழியும்.

பருவமும் தேர்வைத் தீர்மானிக்கிறது. ஜூலையில் அவிஞோன் நாடக விழாவால் நிரம்பி வழியும். ஜூலை, ஆகஸ்ட் வெயில் கல் கட்டடங்களிடையே நடப்பதற்குக் கடுமையானது. மே 24, 25 நாள்களில் காமார்க் கடற்கரையின் செந்த்-மாரி ஊரில் ரோமா (ஜிப்சி) மக்கள் சாரா என்ற புனிதையின் சிலையைக் கடலுக்கு ஊர்வலமாக எடுத்துச் செல்லும் விழா நடக்கும். காண விரும்பினால் வெகு முன்னதாகவே அறை பிடிக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் நீம் சுற்றுப்புறத்தில் திடீர்ப் பெருமழை பெய்யும். 1988 அக்டோபரில் அந்த நகரமே வெள்ளத்தில் மூழ்கியது. ஆகவே ரோன் பகுதிக்கு ஏப்ரல் பிற்பகுதி முதல் ஜூன் நடு வரையும், துலூஸுக்குச் செப்டம்பர் நடு முதல் அக்டோபர் வரையும் ஏற்றவை. செப்டம்பரில் கசூலேயை நிம்மதியாக உண்ணவும் முடியும். கோடை வெயிலில் அது வயிற்றுக்குப் பெரும் பாரம்.

கிழமையும் முக்கியம். அவிஞோனின் மூடிய சந்தையும் துலூஸின் விக்தோர் ஹூகோ சந்தையும் திங்களன்று இயங்குவதில்லை. ஆர்லின் பெருஞ்சந்தை சனிக்கிழமை கூடுவது. சிற்றூர் உணவகங்களில் மதியச் சமையல் 12 மணிக்குத் தொடங்கி 2 மணியளவில் முடிந்துவிடும், 2.30-க்குப் போய்ச் சேரும் குழுவுக்கு ரொட்டிதான் மிஞ்சும். ஐரோப்பிய விதிகளின்படி பேருந்து ஓட்டுநருக்கு வழக்கமாக நாளொன்றுக்கு 11 மணி நேர ஓய்வு தர வேண்டும். இரவு நெடுநேரம் நீளும் பண்ணை வீட்டு விருந்துக்கு மறுநாளே அதிகாலைப் புறப்பாட்டை எழுதியிருக்கும் அட்டவணையை நம்பக் கூடாது.

பல வயதினரும் சைவர்களும் கலந்த முதல் பயணக் குழுவுக்கு, ஆர்லிலோ அவிஞோனிலோ தங்கும் ரோன் தரைவழித் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பேன். எல்லாம் உண்ணக்கூடிய, ஒரு வரலாற்றை ஆழமாகப் பின்தொடர விரும்பும், பன்னிரண்டு பேருக்குள் உள்ள குழுவுக்கு துலூஸ்தான் என் தேர்வு; அதில் மோன்செகூர் ஏற்றம் செங்குத்தானது என்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அன்று வேறு நிகழ்ச்சி வைக்க வேண்டும். எதுவானாலும் முன்பணம் கட்டுவதற்கு முன்பு சிலவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்: எந்த விடுதியில் எத்தனை இரவு, கட்டணத்தில் சேர்ந்த உணவுகள் எந்தெந்த உணவகங்களில், குழுவுக்கான பொது உணவுப் பட்டியலில் சைவர்களுக்கு என்ன தரப்படும், அருங்காட்சியகங்களிலும் நினைவுச் சின்னங்களிலும் அழைத்துச் செல்பவரிடம் பிரெஞ்சு அரசின் வழிகாட்டி அட்டை இருக்கிறதா, குறைந்தபட்ச எண்ணிக்கையில் ஆள் சேராவிட்டால் எந்தத் தேதிக்குள் பணம் திரும்பக் கிடைக்கும்.